காப்பி கற்பிக்கும் உடல்நல அறிவியல்

காப்பி உடலுக்கு நல்லதா, கெட்டதா என்று கேட்பவருக்கு உடல்நல அறிவியல் ஒரே சொல்லில் விடை சொல்வதில்லை. எவ்வளவு, எந்த வேளையில், யாருக்கு, எதனுடன் சேர்த்து என்ற நான்கு விவரங்கள் தெரிந்த பிறகே அந்தக் கேள்வி விடை காணத்தக்க கேள்வியாகிறது. மருத்துவம், செவிலியம், மருந்தியல், ஊட்டச்சத்தியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் சேரும் மாணவர் முதலாண்டிலேயே சந்திக்கும் அடிப்படைக் கருத்துகள் பலவற்றை, தமிழ்நாட்டு வீடுகளில் காலையும் மாலையும் கலக்கப்படும் காப்பியை வைத்தே வீட்டாருக்கு விளக்கிவிட முடியும்.

அளவு என்னும் முதல் பாடம்

உடலுக்குள் செல்லும் எந்தப் பொருளின் விளைவும் அதன் அளவைச் சார்ந்தது என்பது நச்சியலும் மருந்தியலும் ஒருங்கே ஏற்கும் முதல் விதி. ஆனால் ‘நாளைக்கு இரண்டு காப்பி’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் அளவைச் சொல்லிவிட்டதாகக் கொள்ள முடியாது. ஜெர்மானிய வேதியியலாளர் பிரீட்லீப் பெர்டினாண்ட் ரூங்கே 1819-இல் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த காஃபீன் என்னும் பொருள், அராபிக்கா கொட்டையில் எடைக்கு ஏறத்தாழ 1.2 சதவீதமும் ரோபஸ்டா கொட்டையில் கிட்டத்தட்ட அதைப்போல் இரு மடங்கும் இருக்கிறது. தூளுடன் கலக்கப்படும் சிக்கரி ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. அது டிகாக்‌ஷனுக்கு நிறமும் கசப்பும் அடர்த்தியும் தருமே தவிர, அதில் காஃபீன் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காப்பி–சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருந்தால் போதும் என்பதால், கருகருவென்று கெட்டியாக இறங்கிய டிகாக்‌ஷனில் காஃபீன் குறைவாகவும், வெளிறித் தோன்றும் தூய காப்பியில் அதிகமாகவும் இருக்கக்கூடும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், அதே அளவு இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65 மில்லிகிராம் வரையும் காஃபீன் இருப்பதாகக் குறிப்பிட்டு, நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2015-இல், நலமாக உள்ள வயதுவந்தோருக்கு 400 மில்லிகிராம் வரையும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராம் வரையும் கவலைக்குரியதன்று என்று மதிப்பிட்டது. இவ்வகை வரம்புகள் சான்றுகளை எடைபோட்டு, பாதுகாப்புக்கு இடம் விட்டு வகுக்கப்படுபவை. ஆகவே இரு நிறுவனங்களின் எண்கள் வேறுபடுவது முரண்பாடாகாது, வரம்பை ஒரு மில்லிகிராம் தாண்டியதும் நோய் வந்துவிடும் என்று கொள்வதற்கும் இடமில்லை.

விழிப்பும் விலகாத காஃபீனும்

குடித்த காப்பியிலுள்ள காஃபீன் ஏறத்தாழ முழுவதும் முக்கால் மணி நேரத்துக்குள் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, மூளையையும் எளிதில் எட்டிவிடுகிறது. மூளை விழித்திருந்து இயங்கும் நேரம் நீள நீள அங்கே அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது; அது நரம்பு உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில், அதாவது குறிப்பிட்ட பொருள்களை மட்டும் பற்றிக்கொண்டு உயிரணுவுக்குச் செய்தி சொல்லும் புரதங்களில், அமரும்போது சோர்வும் தூக்கமும் தோன்றுகின்றன. காஃபீனின் வடிவம் அடினோசினை ஒத்திருப்பதால் அதே ஏற்பியில் பொருந்திக்கொள்கிறது. எனினும் பூட்டில் நுழைந்தும் திருப்ப முடியாத சாவிபோல, அது செய்தி எதையும் எழுப்பாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மருந்தியல் இவ்வகைப் பொருளை எதிரி, அதாவது ஏற்பியைத் தூண்டாமல் தடுக்கும் பொருள், என்று வகைப்படுத்துகிறது. காப்பி தரும் சுறுசுறுப்பு புதிதாக உண்டாகும் ஆற்றலால் வருவதன்று என்பதும், சேர்ந்துகொண்டிருக்கும் சோர்வின் செய்தி சிறிது நேரம் மூளைக்கு எட்டாமல் போவதே அதன் காரணம் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

கல்லீரலிலுள்ள நொதி ஒன்று காஃபீனைச் சிதைத்து, பெரும்பகுதியைப் பாராசாந்தீன் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகிறது. இரத்தத்திலுள்ள ஒரு மருந்து பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு அரை ஆயுட்காலம் என்று பெயர். வயதுவந்தோரிடம் காஃபீனின் அரை ஆயுட்காலம் சராசரியாக ஐந்து மணி நேரம். மாலை 4 மணிக்கு 100 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவரின் உடலில் இரவு 9 மணிக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராமும், பின்னிரவு 2 மணிக்கு 25 மில்லிகிராமும் எஞ்சியிருக்கும் என்று இந்தக் கணக்கைக் கொண்டு மதிப்பிடலாம். படுக்கைக்குச் செல்வதற்கு ஆறு மணி நேரம் முன்பு உட்கொண்ட 400 மில்லிகிராம் காஃபீன்கூட மொத்தத் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைத்ததை 2013-இல் வெளியான சோதனை ஒன்று காட்டியது. ஆயினும் சராசரி என்பது எல்லோருக்கும் பொருந்துவதில்லை: புகைபிடிப்பவரின் கல்லீரல் காஃபீனை ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் அகற்றுகிறது, கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்ணிடம் அந்த வேகம் பாதியாகிறது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அரை ஆயுட்காலம் 15 மணி நேரம் வரை நீள்கிறது. கருவுற்றவருக்கு வரம்பு குறைவாக வகுக்கப்பட்டிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தொடர்ந்து காப்பி குடிப்பவரின் மூளை இந்தத் தடைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால், முன்பு ஒரு டம்ளர் தந்த விளைவைப் பெற இப்போது கூடுதலாகக் குடிக்க வேண்டியிருக்கிறது. இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். அத்தகையவர் விரத நாளிலோ பயணத்திலோ காப்பியைத் தவறவிட்டால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் எரிச்சலும் மந்தமும் தொடங்கி, இரண்டு நாள்களுக்குள் உச்சமடைந்து, ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலான காலத்தில் அடங்குகின்றன. காஃபீன் மூளையின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தது. அது நீங்கியதும் குழாய்கள் விரிவது இந்தத் தலைவலிக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் காஃபீன் விலகல் தனியொரு நிலையாக இடம்பெற்றுள்ளது. காலைக் காப்பி குடித்ததும் தலை தெளிவதாக ஒருவர் உணரும்போது, அந்தத் தெளிவில் ஒரு பங்கு இரவு முழுதும் காஃபீன் இல்லாததால் தொடங்கியிருந்த விலகல் தணிந்ததன் பயனாக இருக்கலாம்.

உடன் சேர்வது எது?

ஒரு பொருள் மற்றொன்றின் உறிஞ்சலையோ செயலையோ மாற்றுவது இடைவினை எனப்படும். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைக் காப்பியிலுள்ள பாலிஃபீனால்கள் குடலிலேயே பிணைத்துவிடுகின்றன. 1983-இல் வெளியான ஆய்வொன்றில், உணவுடன் காப்பி குடித்தபோது இரும்புச்சத்து உறிஞ்சல் 39 சதவீதம் குறைந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது குறையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ உடன் குடித்த அளவுக்கே குறைந்தது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல இருப்பினும், இட்லி தோசைக்குப் பின் உடனே காப்பி என்னும் வழக்கத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காப்பி, தேநீரைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுவதும் இதனால்தான். தைராய்டு குறைபாட்டுக்காக வெறும் வயிற்றில் விழுங்கப்படும் மாத்திரையைக் காப்பியுடனோ, அதை ஒட்டியோ உட்கொண்டால் மருந்து முழுமையாக உறிஞ்சப்படாமல் போவதும் இதே வகையைச் சேர்ந்தது.

சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேர்கிறது. டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளைக்கு மூன்று காப்பி குடிப்பவர், தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் என்று கொண்டால், 30 கிராம் சர்க்கரையைக் காப்பி வழியாகவே பெறுகிறார். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும், இயன்றால் 5 சதவீதத்துக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள்ளும், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை. காப்பியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை என்பதால், அங்குள்ள கோப்பையும் இங்குள்ள டம்ளரும் ஒன்றுதானா என்று பார்க்காமல் அவற்றின் முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது.

நின்ற முடிவும் நிலைக்காத முடிவும்

தனி உடலிலிருந்து மக்கள்தொகைக்குச் செல்லும் நோய்ப்பரவலியலுக்கு, காப்பியின் வரலாறு இரண்டு சிறந்த எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. 1981-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் மக்மஹோனும் குழுவினரும், கணையப் புற்றுநோயாளிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காப்பி குடித்திருந்ததாக அறிவித்தனர். நோயுற்றவர்களையும் அந்நோய் இல்லாதவர்களையும் எடுத்து அவர்களின் கடந்தகாலப் பழக்கங்களை ஒப்பிடும் இம்முறையில், ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரைப் பொறுத்தே முடிவு அமையும். இந்த ஆய்வில் ஒப்பிடப்பட்டவர்களில் பலர் அதே மருத்துவர்களிடம் வயிறு, குடல் கோளாறுகளுக்காக வந்தவர்கள். அத்தகைய கோளாறு உடையவர்கள் முன்பே காப்பியைக் குறைத்திருப்பது இயல்பு. அவர்களோடு ஒப்பிட்டதால் புற்றுநோயாளிகளின் காப்பி அளவு மிகையாகத் தெரிந்திருக்கலாம் என்ற விமர்சனம் எழுந்தது. பின்வந்த ஆய்வுகளும் அந்தத் தொடர்பை உறுதிசெய்யவில்லை. காப்பியை மிகுதியாகக் குடிப்போரிடையே புகைபிடிப்போர் அதிகம் இருப்பதால், புகையிலையின் தீங்கு காப்பியின் கணக்கில் ஏறிவிடுவதும் உண்டு. இவ்வாறு இடையில் நின்று முடிவைத் திரிக்கும் காரணியைக் குழப்பும் காரணி என்பர்.

நார்வேயின் டிரோம்சோ நகரில் நடந்து 1983-இல் வெளியான ஆய்வும் இதே போன்ற ஒரு தொடர்பைத்தான் கண்டது: காப்பி கூடக் கூட இரத்தக் கொலஸ்ட்ராலும் கூடியது. இந்த முடிவு நிலைத்தது. அங்கே தூளை நீரில் கொதிக்கவிட்டு அப்படியே குடிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அதையே காகித வடிகட்டியில் வடித்துக் கொடுத்துச் செய்த சோதனைகளில் கொலஸ்ட்ரால் உயர்வு ஏறத்தாழ மறைந்தது. காப்பிக் கொட்டையின் எண்ணெயிலுள்ள கஃபெஸ்டால் என்னும் பொருளே காரணம் என்பதும், காகிதம் அதைத் தடுத்துவிடுகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டரின் துளைகள் காகிதத்தைப்போல் அந்த எண்ணெயைத் தடுப்பதில்லை என்பது கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் கவனிக்க வேண்டியது. இரண்டு ஆய்வுகளும் புள்ளிவிவரத் தொடர்பிலேயே தொடங்கின. ஆனால் காரணப் பொருளைக் கண்டறிந்து, அதை நீக்கிப் பார்க்கும் சோதனைக்கும் ஈடுகொடுத்த ஒன்றே காரணம்–விளைவு என்னும் தகுதியைப் பெற்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் காப்பியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொடர்பில் ‘ஏற்படுத்தக்கூடும்’ என்ற பிரிவில் வைத்து, 2016-இல் போதிய சான்று இல்லை என்று விடுவித்தது. அதே வேளையில், 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட மிகச் சூடான எந்தப் பானத்தையும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை ‘ஏற்படுத்த வாய்ப்புள்ளது’ என்ற பிரிவில் சேர்த்தது. இப்பட்டியல் ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை உண்டா என்பதற்கான சான்றை மட்டும் மதிப்பிடுகிறது. அத்தீங்கு ஒருவருக்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது அளவையும் பழக்கத்தையும் சார்ந்த வேறு கணக்கு. டவராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் தமிழ்நாட்டு வழக்கம் வெப்பத்தைத் தணித்துவிடுவதால், இந்த எச்சரிக்கையை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பருகுபவர்களே முதன்மையாகக் கருத வேண்டும்.

2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நாளைக்கு மூன்று நான்கு கோப்பை குடிப்போரிடம் இறப்பு விகிதம், குடிக்காதோரைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டது. இதையும் மேற்கண்ட அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்: இவை பெரும்பாலும் அவதானிப்பு ஆய்வுகள், உடல்நலம் கெட்டதால் காப்பியை விட்டவர்களும் குடிக்காதோர் வரிசையில் இருக்கக்கூடும் என்பதால், பழக்கமில்லாத ஒருவர் ஆயுளுக்காகக் காப்பியைத் தொடங்க இது சான்றாகாது.

இவற்றைக் கற்ற மாணவர் வீட்டில் யாரையும் காப்பியை விடச் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் எழாது. தைராய்டு மாத்திரை எடுக்கும் பாட்டிக்கு மாத்திரைக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேர இடைவெளியும், இரத்தசோகையுள்ள அக்காவுக்குச் சாப்பாட்டிலிருந்து விலக்கிய காப்பியும், தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கு மாலைக்கு முன்பே முடியும் காப்பியும், எல்லோருக்கும் ஒரு தேக்கரண்டி குறைந்த சர்க்கரையும் என்பனவே அவர் சொல்ல வேண்டியவை; அவற்றுள் மூன்று நேரத்தை மாற்றுவதும் ஒன்று சர்க்கரையைக் குறைப்பதுமாகும்.