தணிகையின் வெயிலும் கொசஸ்தலையின் நீரும்

திருத்தணி இன்று தமிழ்நாட்டில் இருப்பது ஒரு கிளர்ச்சியின் பலன். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்க்கப்பட்டது. அந்த மாவட்டத்துக்குள் அடங்கிய திருத்தணித் தாலுகாவும் கூடவே போயிற்று. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானமும், எல்லைப்புற ஊர்களில் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழாரும், இவ்வூர்த் தலைவர் கே. விநாயகமும், சரித்திரத்தில் பெயர் இடம்பெறாத சாமானிய ஜனங்கள் பலரும் நடத்திய ஊர்வலங்களும் மறியல்களும், அவற்றின் பொருட்டு அவர்கள் ஏற்ற சிறைவாசமும் ஆண்டுக்கணக்கில் நீடித்த பிறகே, எல்லைத் தகராறில் மத்தியஸ்தராக இருந்த படாஸ்கரின் தீர்ப்பை ஒட்டிப் பார்லிமெண்டு 1959-இல் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்ற, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு மீண்டும் இணைந்தது.

மறியலால் என்ன பயன், மனுக் கொடுத்தால் போதாதா, வீதியை அடைத்தால் வழிப்போக்கருக்குத்தானே தொல்லை என்று எந்தக் கிளர்ச்சியைக் குறித்தும் எக்காலத்திலும் கேட்கப்படுகிற கேள்விகள், பருவநிலை மாறுதலை முன்னிட்டு இன்று உலகெங்கும் நடக்கும் கிளர்ச்சிகளைக் குறித்தும் கேட்கப்படுகின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிந்து வெளிப்படும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தை உயர்த்துகிறது என்பது விஞ்ஞான உலகம் ஐயமற ஏற்றுக்கொண்ட உண்மை. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முந்திய நிலையைக் காட்டிலும் ஒன்றரை டிகிரி செல்ஷியஸ் அதிகம் என்ற வரம்பை 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் முதன்முதலாகத் தாண்டிவிட்டதென்று உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது. ஆகவே சர்ச்சை இப்போது விஞ்ஞானத்தைப் பற்றியதன்று. யார், எவ்வளவு விரைவில், எதைச் செய்ய வேண்டும் என்பதையும், செய்யாத சர்க்காரைச் செய்யவைப்பதற்கு ஜனங்கள் எந்த எல்லை வரையில் போகலாம் என்பதையும் பற்றியது.

2018 ஆகஸ்டில் ஸ்வீடன் தேசத்து மாணவி கிரேட்டா துன்பர்க் பள்ளிக்குப் போகாமல் பாராளுமன்றத்தின் வெளியே தனியாக அமர்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரைப் பின்பற்றி உலக நகரங்களின் வீதிகளில் லட்சக்கணக்கான மாணவர்கள் திரண்டபோது சென்னை மாணவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். லண்டனிலோ கிளர்ச்சி கடுமையான உருவம் கொண்டது. 2019 ஏப்ரலில் 'எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன்' இயக்கத்தார் நகரத்தின் முக்கியமான சாலைகளை மறித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். மே 1-ஆம் தேதி பிரிட்டிஷ் பாராளுமன்றம் பருவநிலை நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. ஜூன் மாதத்தில், 2050-க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்கும் இலக்குச் சட்டமாயிற்று. ஆனால் 2022-இல் 'ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்' இயக்கத்தைச் சேர்ந்த இருவர், கண்ணாடி காத்து நின்ற வான்கோவின் சூரியகாந்திச் சித்திரத்தின் மீது தக்காளி சூப்பை வீசியபோதும், நெடுஞ்சாலைகள் மறிக்கப்பட்டபோதும், அனுதாபத்தோடு பார்த்து வந்தவர்களில் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். 2023-இல் பொது ஒழுங்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 2024-இல் சாலை மறியலுக்குச் சதி செய்த குற்றத்துக்காக ஐவருக்கு நான்கும் ஐந்தும் ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025-இல் அந்த இயக்கமே தன் நேரடிக் கிளர்ச்சியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது.

நம் தேசத்தில் சர்ச்சை வேறு விதமாக நடக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் இந்தியர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு; இரண்டு நூற்றாண்டுகளாக நிலக்கரியை எரித்துச் செல்வம் சேர்த்த தேசங்கள் முதலில் குறைக்கட்டும், எங்கள் ஏழைகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது என்று மத்திய சர்க்கார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2008-இல் எட்டு இயக்கங்கள் கொண்ட தேசியச் செயல்திட்டத்தை வகுத்ததும், 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் 2070-ஆம் ஆண்டைப் பூஜ்ய இலக்காகப் பிரதமர் அறிவித்ததும் அந்த நியாயத்தை விட்டுக்கொடுக்காமல் செய்யப்பட்டவையே. ஆனால் வெளி உலகத்திடம் நியாயம் கேட்கும் சர்க்கார், உள்நாட்டில் தன்னிடம் நியாயம் கேட்போரை எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் மனம் வருந்தும்படியாக இருக்கிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவை ஆட்சேபித்து மாணவர்கள் மின்னஞ்சல் அனுப்பும் இயக்கம் நடத்தியபோது, பயங்கரவாதத்தைத் தடுக்க ஏற்பட்ட சட்டத்தைக் குறிப்பிட்டு டெல்லிப் போலீஸார் நோட்டீஸ் அனுப்பினார்கள். தவறுதலாக அனுப்பப்பட்டதென்று சொல்லிப் பின்னர் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2021 பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பருவநிலைக் கிளர்ச்சிக்காரர் திஷா ரவி ராஜத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். பத்து நாளைக்குப் பிறகு ஜாமீன் வழங்கிய டெல்லி நீதிபதி தர்மேந்தர் ராணா, சர்க்காரின் கொள்கையோடு மாறுபடுகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் குடிமக்களைச் சிறையில் வைக்க முடியாது என்னும் கருத்தைத் தம் உத்தரவில் திட்டவட்டமாக எழுதினார்.

இவையெல்லாம் தூரத்து விஷயங்கள் என்று தணிகை மலையடியில் வசிப்பவர் நினைக்க வேண்டாம். கோடைக் காலத்தில் தமிழ்நாட்டில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் வெளிவரும்போது வேலூரோடு திருத்தணியும் அதில் இடம்பெறுவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று, கடற்காற்றை இவ்வளவு தூரம் உள்ளே வரவிடாமல் தடுப்பதே இதற்குக் காரணம். இந்த வெயில் புதிதன்று, நம் முன்னோரும் அனுபவித்ததுதான். ஆனால் ஏற்கனவே உடல் தாங்கும் எல்லைக்கு அருகில் இருக்கும் ஓர் ஊரில் உலகச் சராசரி ஏறிக்கொண்டே போனால் முதலில் கஷ்டப்படுவோர் யார் என்பது யோசிக்காமலே விளங்கும். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் ஆர்.கே.பேட்டையிலும் விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலுக்கும் புழுக்கத்துக்கும் நடுவே நாள் முழுவதும் நிற்கும் நெசவாளியும், வயலில் களை பறிக்கும் பெண்ணும், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வரும் பக்தரின் தாகத்தைத் தீர்க்க நடைபாதையில் மோர் விற்கும் முதியவளும் கிளர்ச்சிக்காரர் அல்லர். ஆயினும் கிளர்ச்சி யாருக்காக என்றால் இவர்களுக்காகத்தான்.

வெயிலுக்கு அடுத்தது நீர். ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலிருந்து வரும் வெள்ளத்தை ஏந்திப் பள்ளிப்பட்டு வழியாக இறங்கும் கொசஸ்தலை ஆறு, நந்தியாற்றையும் நகரியாற்றையும் சேர்த்துக்கொண்டு, 1944-இல் கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பிச் சென்னைவாசிகளுக்குக் குடிநீர் ஆகிறது. எஞ்சியது எண்ணூரில் கடலில் கலக்கிறது. மழை தவறினால் வெறும் மணலாகவும், மழை ஒரேயடியாகக் கொட்டினால், மேலே அம்மபள்ளி அணையைத் திறந்துவிட, பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்களை மூழ்கடிக்கும் பிரவாகமாகவும் இருப்பது இதன் சுபாவம். பருவமழையின் ஒழுங்கு குலையக் குலைய இந்த இரண்டு கோடிகளும் இன்னும் விலகும். 2022 ஆகஸ்டில், இந்த ஆற்றின் குறுக்கே சித்தூர் மாவட்டத்தில் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டும் உத்தேசத்தைக் கைவிடும்படி தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பக்கத்துக் குடியானவனுக்கும் தண்ணீர் தேவைதான். 1983-இல் கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவர எம்.ஜி.ஆரும் என்.டி. ராமாராவும் உட்கார்ந்து பேசி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அம்மாதிரியான பேச்சு இந்தச் சிற்றாற்றைக் குறித்து ஏன் நடக்கக்கூடாது என்று இரு மாநிலத்து எல்லையோர ஜனங்களும் சேர்ந்து கேட்டிருந்தால் அதுவே மிகச் சிறந்த பருவநிலைக் கிளர்ச்சியாக இருந்திருக்கும்.

இதே ஆற்றின் முகத்துவாரத்தில் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் நீரிலும் சதுப்பிலும் படிந்து, இறாலும் நண்டும் மீனும் அருகிப்போனதை எதிர்த்து மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறார்கள். அங்கே எரியும் நிலக்கரியே, அவர்களுடைய கழிமுகத்தைச் சாம்பலாலும் நம்முடைய கோடையைக் கூடுதல் வெப்பத்தாலும் நிரப்புகிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ஆற்றின் மேற்கோடியில் இருப்பவருக்கும் கீழ்க்கோடியில் இருப்பவருக்கும் உள்ள பந்தம் தெளிவாகும். 2017-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா அந்தக் கழிமுகத்திலேயே நின்று புறம்போக்கு நிலங்களைப் பற்றிப் பாடிய பாட்டு, அவ்விடத்தின் அவல நிலையைச் சங்கீத ரசிகர் வரையில் கொண்டு சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகமெங்கும் பரவிப் படகுகளும் வலைகளும் பாழாயின. அந்த மாதமே 26-ஆம் தேதி இரவு, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டுப் பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறியபடி உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அவர்கள் ஆலை வாசலில் உட்கார்ந்ததை ஒழுங்கீனம் என்று எவர் சொன்னாலும் என் மனம் ஒப்பாது. தேக உபாதைக்கு ஆளானவன் கூவுவது போராட்ட உத்தி அன்று.

எல்லைக் கிளர்ச்சி ஜயித்ததற்கும், பருவநிலைக் கிளர்ச்சி பல சமயங்களில் தடுமாறுவதற்கும் என்ன காரணம் என்று யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ம.பொ.சி.யும் அவருடைய தோழர்களும் கேட்டதைப் படத்தில் கோடு போட்டுக் காட்ட முடிந்தது. இந்தத் தாலுகா, இந்தக் கிராமங்கள் என்று பெயர் சொல்ல முடிந்தது. கொடுக்க வேண்டிய அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. திருப்பதியும் காளஹஸ்தியும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை இன்றும் உண்டு. கேட்டது இன்னதென்று திட்டமாக இருந்ததால்தான் கிடைத்தது எவ்வளவு, கிடைக்காதது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவும் முடிகிறது. 'பூமியைக் காப்பாற்றுங்கள்' என்ற கோரிக்கைக்கு அத்தகைய வடிவம் இல்லை. அதைக் கேட்கும் எந்த மந்திரியும் உடனே சம்மதித்துவிடலாம். சம்மதித்த பிறகு ஒன்றும் செய்யாமலும் இருந்துவிடலாம். கிளர்ச்சியின் முறைகளைப் பற்றி நாம் செலவழிக்கும் சர்ச்சையில் பாதியையாவது கோரிக்கையின் உருவத்தைப் பற்றிச் செலவழித்தால் நலம்.

தமிழ்நாட்டில் அதற்கான காலம் வந்திருக்கிறது. 2022-இல் முதலமைச்சரைத் தலைவராகக் கொண்டு அமைக்கப்பட்ட பருவநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழுவில், கூடங்குளம் அணு உலைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரையில் வழக்காடிய பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் கோ. சுந்தர்ராஜனும் ஓர் அங்கத்தினராக இடம்பெற்றார். வாசலில் நின்று ஆட்சேபித்தவரை உள்ளே அழைத்து ஆசனம் தந்த அந்தச் செயல் மெச்சத்தக்கது. அதே ஆண்டு டிசம்பரில் மாநிலப் பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று உத்தரவும் பிறந்தது. இறந்த பிறகு கிடைக்கும் பணத்தைவிட, இறக்காமல் இருப்பதற்கு உச்சிவேளையில் வேலையை நிறுத்திவைக்கும் ஏற்பாடும், விசைத்தறிக் கூடத்தில் காற்றோட்டமும், ஊர்தோறும் நிழலும் குடிநீரும் அவசியம் என்பதைச் சர்க்காருக்கு வற்புறுத்துவது இனி நம்முடைய வேலை. 2024-இல் கானமயில் பறவையின் பொருட்டு வந்த ஒரு வழக்கில், பருவநிலை மாறுதலின் தீங்குகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசியல் சாசனத்தின் 14, 21-ஆம் ஷரத்துகளில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், நாம் கேட்பது தயவு அன்று, பாத்தியதை.

முறைகளைப் பற்றியும் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றாடக் கூலிக்குப் போகிறவனை வழிமறிக்கும் கிளர்ச்சியை நான் ஆதரிக்க மாட்டேன். அவன் ஒரு நாள் கூலியை இழந்தால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது, அவனை விரோதியாக்கிக்கொண்டு எந்த இயக்கமும் இந்நாட்டில் நிலைத்ததில்லை. ஆனால் மறியலைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு கெடுதல், மின்னஞ்சல் எழுதிய மாணவனைப் பயங்கரவாதி என்று அழைப்பது. சாத்விகமான வழி பலன் தராது என்று சொல்லுவோர் பசிபிக் தீவுகளின் மாணவர்களை எண்ணிப் பார்க்கட்டும். 2019-இல் சட்டம் பயின்றுகொண்டிருந்த சில இளைஞர், சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு புறப்பட்டார்கள். வனுவாட்டு சர்க்கார் அதைத் தன் கோரிக்கையாக ஏற்றது. 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்தக் கருத்தைக் கேட்பதென்று தீர்மானித்தது. 2025 ஜூலை 23-ஆம் தேதி, பருவநிலையைக் காப்பது தேசங்களின் சட்டபூர்வமான கடமை என்று அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. கேட்டது இன்னதென்று தெளிவாக இருந்தது. கேட்க வேண்டிய இடமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் கிராமங்களிலும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, மற்றொன்று கோடை உச்சத்தில் வரும் மே 1. பள்ளிப்பட்டிலும் ஆர்.கே.பேட்டையிலும் திருத்தணி ஒன்றியத்திலும் உள்ள கிராமத்தார், முதல் கூட்டத்தில் தங்கள் ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரும் நாளைக் குறிக்கச் சொல்லியும், கொசஸ்தலைக்கு இரு மாநிலங்களும் சேர்ந்த ஒரு குழு வேண்டும் என்றும், இரண்டாவது கூட்டத்தில் வெப்ப நாட்களில் வேலை நேரத்தை மாற்றச் சொல்லியும் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைக் கலெக்டருக்கு அனுப்பிவைத்து, அடுத்த கூட்டத்தில் அதற்கு என்ன பதில் வந்தது என்று விடாமல் கேட்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.