நோயைச் சொல்லித்தந்த பிள்ளைகள்

அமெரிக்காவின் லாங் ஐலண்ட் தீவு. ஈஸ்ட் ஹாம்ப்டனிலிருந்து அமகன்செட்டுக்குப் போகும் மரங்கள் அடர்ந்த பாதையில் ஒரு வைத்தியர் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய மகன், சின்னப் பையன். எதிரே திடீரென்று இரண்டு பெண்கள் வருகிறார்கள், தாயும் மகளும். இருவரும் நெடுநெடுவென்று, எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். உடம்பு வளைந்து முறுக்கிக்கொள்கிறது, முகம் கோணுகிறது. பையன் மிரண்டுபோய்ப் பார்க்கிறான். அப்பா வண்டியை நிறுத்தி அவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேலே ஓட்டுகிறார்.

அந்தப் பையன் ஜார்ஜ் ஹண்டிங்டன். 1871இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். மறு வருடமே, 22 வயதில், ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளைகளுக்கு வரும் சாதாரண உடல்துடிப்பு நோயைப் பற்றித்தான் கட்டுரையின் பெரும்பகுதி. கடைசிச் சில பத்திகளில் மட்டும், தன் ஊரில் சில குடும்பங்களை விடாமல் துரத்தும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். அதே ஊரில் வைத்தியம் பார்த்த அப்பாவும் தாத்தாவும் கண்டு வைத்திருந்தது அவருக்குக் கைகொடுத்தது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரக்கூடும்; நடுவயதில்தான் தலைகாட்டும்; மனத்தையும் கலைக்கும்; ஒரு பிள்ளை அது வராமலே வாழ்ந்து முடித்துவிட்டால் அந்தக் கிளையில் நூல் அறுந்துவிடும், பேரப்பிள்ளைகளுக்கு வராது. இவ்வளவையும் நேர்த்தியாகச் சொல்லிவிட்டார். மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வை உலகம் திரும்பிப் பார்த்தது 1900இல்தான். மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் மரபணு நோயொன்றை இப்படி எழுதியிருக்கிறார். வில்லியம் ஆஸ்லர் போன்ற பெரிய மருத்துவரே வியந்து பாராட்டிய பத்திகள் அவை.

நரம்பியலில் நோய்களை விளக்கும் மாணவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் இந்த ஹண்டிங்டன்தான். படிப்பு முடிந்த ஈரம் காயாத ஒரு பையன், ஊரார் வாய்விட்டுச் சொல்லப் பயந்த ஒன்றை, எவருக்கும் புரியும்படி எழுதி வைத்தார். அவர் பெயரையே சுமக்கும் அந்த நோயை ஊராருக்கு விளக்குவதற்கென்று, நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அதே நாட்டின் மறுகரையில் இன்னொரு மாணவர் கூட்டம் உட்கார்ந்தது.

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்லியம் டர்ஹாம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஹோப்ஸ்’ என்று வரும். இளங்கலை மாணவர்கள்தான் எழுதுகிறவர்கள். ஆய்விதழ்களை வாசிப்பது, அதை வீட்டில் இருப்பவருக்குப் புரிகிற மொழியில் எழுதுவது, பொதுவில் இலவசமாக வைப்பது. கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். உள்ளே இறங்கினால்தான் எவ்வளவு கனமான வேலை என்று புரியும்.

முதலில் நோயையே எடுத்துக்கொள்வோம். நான்காவது குரோமோசோமில் ஒரு மரபணு. அதில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்துக் கட்டு திரும்பத் திரும்ப வருகிறது. நம் காதுக்குச் சொல்வதென்றால் தகிட, தகிட, தகிட என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிப்பது போல. எல்லோருக்கும் அது உண்டு. 26 முறை வரை இருந்தால் இயல்பு. 40 முறையோ அதற்கு மேலோ இருந்தால், முழு ஆயுள் வாழ்கிறவருக்கு நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை இருப்பவருக்கு வரலாம், வராமலும் போகலாம். கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு கட்டும், அந்த மரபணு செய்யும் புரதத்தில் ஒரு குளூட்டமைனைக் கூட்டுகிறது. நீண்டுபோன புரதம் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மூளையின் ஆழத்தில், அசைவுகளைத் தேர்ந்தெடுத்து அடக்கும் பகுதியில் உள்ள நரம்பணுக்கள் முதலில் மடிகின்றன. கை தானாக வீசுகிறது, நடை தள்ளாடுகிறது. அதற்கும் முன்பே சிடுசிடுப்பு, சோர்வு, முடிவெடுக்க முடியாத குழப்பம் எல்லாம் வந்துவிடுவதுண்டு. வீட்டார் அதைக் குணக்கேடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘தகிட’ என்று நான் சொன்னதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. உவமையைக் கேட்டவர் உடனே எண்ணத் தொடங்கிவிடுவார். தம்பிக்கு 42, அண்ணனுக்கு 45, அப்படியென்றால் அண்ணனுக்கு எந்த வயதில் வரும்? எண்ணிக்கை கூடக் கூட நோய் சீக்கிரம் வரும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் ஒரு தனி மனிதரின் வயதை அதை வைத்துக் குறித்துச் சொல்ல முடியாது. ஒரே எண்ணிக்கை உள்ள இருவருக்குப் பல வருட இடைவெளியில் வரலாம். ஆக, உவமை எதுவரை பொருந்தும், எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மூன்றாம் வருட மாணவருக்கு இப்படி எழுத வரும் என்று நான் நம்புகிறேன். நேற்று அவரே அந்த உவமையில் ஏமாந்தவர். முப்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பதே மறந்துபோயிருக்கும்.

அடுத்தது ஐம்பது சதவீதம். பெற்றவர்களில் ஒருவருக்கு இந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு. ‘இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்கு வரும்’ என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. அக்காவுக்கு வந்துவிட்டது, என் பங்கு கழிந்துவிட்டது என்று நிம்மதியடையும் தங்கை உண்டு. அண்ணனுக்கு இல்லையாம், அப்படியானால் எனக்குத்தான் என்று தூங்காமல் கிடக்கும் தம்பியும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது என்ற ஒரே வாக்கியத்தை எழுதினால் போதும், ஒரு வீட்டின் இரவே மாறும்.

தப்பாக விளக்கியவர்கள் செய்த கேடும் இந்த நோயின் கதையில் இருக்கிறது. 1916இல் சார்லஸ் டேவன்போர்ட், எலிசபெத் மன்சி இருவரும் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். டேவன்போர்ட் இனத்தைச் சுத்தப்படுத்தும் கொள்கையில் ஊறியவர். இப்படிப்பட்ட குடும்பங்கள் நாட்டுக்குள் வருவதையும் பிள்ளை பெறுவதையும் தடுக்க வேண்டும் என்று வாதாடியவர். 1932இல் வெஸி என்ற மருத்துவர், பழைய காலத்தில் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் இந்த வம்சத்தார்தான் என்று ஒரு கதை கட்டினார். வரலாற்றாய்வாளர்கள் பின்னாளில் அதைத் தகர்த்துவிட்டார்கள். அதற்குள் அது பாடப்புத்தகம் வரை போய்விட்டது. பாடகர் வுடி கத்ரியின் உடல் தடுமாறத் தொடங்கியபோது, குடிதான் காரணம் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். 1952இல்தான் நோயின் பெயர் தெரிந்தது. 1967இல் அவர் இறந்தார். அவர் மனைவியாக இருந்த மார்ஜரி அந்த ஆண்டே நோயாளிக் குடும்பங்களைத் தேடித் திரட்டத் தொடங்கினார்.

நம் மொழியில் இந்த நோய்க்கு வீட்டுப் பெயர் இல்லை. பார்க்கின்சனுக்கு உதறுவாதம் என்போம், வலிப்புக்குக் காக்காய் வலிப்பு என்போம். மற்றதெல்லாம் ‘நரம்புத் தளர்ச்சி’. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்களைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பெயரிட்டுச் சொல்லாத நோய்க்கு மருத்துவரிடம்கூடக் கேள்வி கேட்க முடியாது.

வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரை மக்கள் அதை ‘எல் மால்’ என்றார்கள். கேடு என்று பொருள். உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அங்கே இந்த நோய் இருந்தது. 1979 முதல் அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லர் தன் குழுவோடு அங்கே வருடாவருடம் போனார். அவருடைய தாய்க்கே 1968இல் இந்த நோய் என்று தெரிந்தது. ஏரிக்கரை மக்கள் ரத்தமும் தோல் துணுக்கும் கொடுக்கத் தயங்கினார்கள். உங்கள் நாட்டில் இந்த நோய் கிடையாதே, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்ற சந்தேகம். குழுவில் இருந்த செவிலியர் நான்சியின் கையைப் பிடித்துத் தூக்கி, அதிலிருந்த தழும்பைக் காட்டினார். இவளும் கொடுத்திருக்கிறாள், இவள் தாய்க்கும் இதே நோய். அதன் பிறகுதான் கைகள் நீண்டன. அந்த ரத்தத்தால் 1983இல் மரபணு இருக்கும் குரோமோசோம் தெரிந்தது. 1993இல் மரபணுவே கிடைத்தது. விளக்குவது என்றால் எனக்கு இப்போதெல்லாம் அந்தத் தூக்கிய கைதான் கண்முன் வருகிறது.

மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வந்தது. வந்தவுடன் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஆபத்தில் இருப்பவர்களில் சிறு பகுதியினரே செய்துகொண்டார்கள். மருந்தில்லாத நோயின் வருகையை முன்பே தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். நான்சியும் தன் முடிவை ஊருக்குச் சொல்லாமல் வாழ்ந்து, 2020இல்தான் தனக்கும் நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். இதை எழுதும் மாணவர் ‘சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை சொல்லக் கூடாது. ‘வேண்டாம்’ என்றும் சொல்லக் கூடாது. அறிகுறி இல்லாத சிறுவர்களைச் சோதிப்பதில்லை, சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகரோடு பேச வேண்டும், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உரிமை உண்டு. இவற்றைச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும். இருபது வயதில் அறிவுரை சொல்லாமல் இருப்பது லேசல்ல.

மருந்து பற்றிய பக்கங்கள்தான் எல்லாவற்றிலும் கடினம் என்பேன். 2008இல் டெட்ராபெனசின் என்ற மருந்தை அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதித்தது. கட்டுப்பாடில்லாத அசைவுகளை அது குறைக்கும், நோயின் நடையை நிறுத்தாது. ‘குறைக்கும்’, ‘நிறுத்தாது’ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதியாக வேண்டும். முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் பொய்யாகிவிடும்.

கிரியேட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி செய்கிற பையன்கள் டப்பா டப்பாவாக வாங்கும் அதே தூள். இந்த நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்தன. நல்ல சேதிதான். ஆனால் இதைப் படிப்பவர் யார்? நோயுள்ள கணவனை அறையில் தூங்க வைத்துவிட்டுப் படிக்கிற மனைவி. மறுநாள் காலை அவர் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். மருத்துவர் சீட்டுகூடத் தேவையில்லை. அதனால் ‘எலிகளில்’ என்ற சொல் வாக்கியத்தின் தலையிலேயே நிற்க வேண்டும், அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கக் கூடாது. மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனை 2014இல் பயனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு கோஎன்சைம் க்யூ10 சோதனையும் அப்படியே நின்றது. 2021 மார்ச்சில், உலகமே எதிர்பார்த்திருந்த டொமினர்சன் என்ற மருந்தைக் கொடுப்பதும் இடையில் நிறுத்தப்பட்டது.

அந்த மூன்றாவது ஏமாற்றத்தின்போது குடும்பங்கள் பலவும் திரும்பிப் பார்த்த இன்னொரு இடம் ‘எச்டிபஸ்’ இணையதளம். 2011இல் ஜெஃப் கேரலும் எட் வைல்டும் தொடங்கியது. ஆய்வுச் செய்திகளை ஆய்வாளர்களே எளிய மொழியில் எழுதுகிறார்கள். பல மொழிகளில் பெயர்க்கிறார்கள். கேரல் முன்னாள் ராணுவ வீரர். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்த பிறகு படிக்கப் போய், மூளை ஆய்வாளர் ஆனார். அந்த மரபணு தனக்கும் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. மாணவராகச் சேர்ந்ததே இதற்காகத்தான் என்றால், எழுதும் வாக்கியம் எப்படி அலட்சியமாக வரும்?

ஸ்டான்ஃபோர்டு பிள்ளைகளின் முயற்சி போன்றவற்றில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எழுதியவர் எங்கேயோ மருத்துவராகி இருப்பார், பக்கம் அப்படியே நிற்கும். 2010இல் ‘கிரியேட்டின் சோதனை நடந்துவருகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அன்றைக்கு அது சத்தியம். 2015இல் அதைப் படிக்கிறவருக்கு அது பொய். புதிய பக்கம் எழுதினால் பெயர் வரும், பாராட்டு வரும். பழைய பக்கத்தில் ஒரு வினைச்சொல்லை மாற்றுவதற்கு யாரும் பாராட்டுவதில்லை. அடுத்த வருட மாணவர் ஒருவர் உட்கார்ந்து, முன்னவர் எழுதியதை வரிவரியாகப் படித்து, ‘நடந்துவருகிறது’ என்பதை அடித்துவிட்டு ‘நிறுத்தப்பட்டது’ என்று எழுத வேண்டும். ஏன் நிறுத்தப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே, அந்த மனைவிக்குப் புரிகிற மாதிரி.