இருவருக்காக உழைக்கும் இருதயம்!

கர்ப்பிணிகளுக்கு உதவும் "எக்கோ" பரிசோதனை

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது.

இவை இருதய நோயின் அறிகுறிகள். ஆனால், நோய் எதுவும் இல்லாத கர்ப்பிணிப் பெண்ணுக்கும் இவை வருவது உண்டு!

அப்படியானால் எது நோய்? எது இயற்கை? இதைப் பிரித்து அறிய டாக்டர்களுக்கு உதவுவதுதான் "எக்கோ" பரிசோதனை.

144 குடம்!

ஓய்வாக இருக்கும்போது, இருதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. கர்ப்பம் தரித்ததும் இந்த வேலை கூடுகிறது. 30 முதல் 50 சதவீதம் வரை உயர்கிறது. உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவும் பெருகுகிறது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை அதிகமாகிறது.

நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் கூடியதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2,160 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 144 குடம்! அவள் உட்கார்ந்து இருந்தாலும், தூங்கினாலும், இருதயம் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

கப்பல் பட்டறையில் இருந்து வந்தது

சுவீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கு எட்லர் என்ற டாக்டரும், ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் இருந்தார்கள். மார்பைத் திறக்காமல் இருதயத்தின் உள்ளே பார்க்க வேண்டும் என்பது டாக்டரின் ஆசை.

மால்மோ நகரின் கப்பல் கட்டும் பட்டறையில் ஒரு கருவி இருந்தது. உலோகத்துக்குள் மறைந்து கிடக்கும் விரிசலை, ஒலியை அனுப்பி அது கண்டுபிடிக்கும். ஹெர்ட்ஸ் அதை இரவல் வாங்கித் தமது மார்பிலேயே வைத்துப் பார்த்தார். இருதயத்தின் எதிரொலி திரையில் அசைந்தது!

1953-ம் ஆண்டு, இருவரும் இருதயத்தின் அசைவை ஒலியால் பதிவு செய்தார்கள். "எக்கோ" பரிசோதனை பிறந்தது.

வலி இல்லை

இது மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி. மார்பில் ஜெல் தடவி, சிறு கருவியை வைப்பார்கள். ஒலி உள்ளே போய், இருதயத்தில் பட்டுத் திரும்பும். அதுவே திரையில் படமாகத் தெரியும். ஊசி இல்லை. வலி இல்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை.

கர்ப்பிணியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். மல்லாந்து படுத்தால், பெருத்த கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். இருதயத்துக்கு வரும் இரத்தம் குறைந்துவிடும். அளவும் தவறாகிவிடும்.

நோய் இல்லாதவர்களுக்கு ஏன்?

ஆரோக்கியமான கர்ப்பிணிகளின் இருதயத்தையும் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். சரியான தராசு இருந்தால்தானே எடை குறைவது தெரியும்?

கர்ப்ப காலத்தில் இருதயம் சற்றுப் பெரிதாகிறது. ஆனால் அதன் பலம் குறைவதில்லை. இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிறது. கர்ப்பத்திலும் இந்தப் பங்கு பெரிதாக மாறுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு, சில வாரங்களிலும் மாதங்களிலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

ஆகவே, அந்தப் பங்கு 45 சதவீதத்துக்குக் கீழே போனால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். பிரசவத்தை ஒட்டியோ, அதற்குப் பின் சில மாதங்களிலோ, சில தாய்மாருக்கு இருதயத் தசை தளர்ந்துவிடுவது உண்டு. நேரத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. குணம் அடைந்தவர்கள் பலர்.

அலட்சியம் கூடாது

படுத்தால் மூச்சுத் திணறுகிறதா? நடுத்தூக்கத்தில் மூச்சு முட்டி எழுகிறாளா? மயக்கம், நெஞ்சுவலி வருகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

"பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால், உண்மையா இல்லையா என்று சொல்ல வேண்டியது பரிசோதனை!