பிறர் கைமாற்றும் எழுத்து

“நானா, மூன்று மாதமாகக் கடை விளம்பரத்தை பேஸ்புக்கில் போட்டு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு லைக்குக்கு மேல் ஏறவில்லை. அதிலும் பாதி என் மச்சான்மார் போட்டது” என்று ஓர் இளம் வியாபாரி என்னிடம் குறைப்பட்டார். அக்கராயன் பக்கம் உரம், விதை, கிருமிநாசினி விற்கும் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி ஸ்கந்தபுரத்துக் கமக்காரர்கள்.

தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. அடுக்கிய உரமூட்டைகளின் படம், மேலே கடையின் பெயர், கீழே தொலைபேசி இலக்கம், நடுவில் “நம்பிக்கைக்கும் நாணயத்துக்கும் நாடுங்கள்”. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். “தம்பி, ஸ்கந்தபுரத்தில் இருக்கும் ஒருவர் இதை எடுத்து யாருக்கு அனுப்புவார்? எதற்காக அனுப்புவார்?” அவரிடம் பதில் இல்லை.

பகிர்பவர் நமக்கு உபகாரம் செய்வதற்காகப் பகிர்வதில்லை. தன் மைத்துனருக்கு இது உதவும், தன் சிநேகிதன் இதைப் பார்க்க வேண்டும், தனக்கு ஒரு விடயம் தெரியும் என்று நாலு பேர் அறிய வேண்டும், இவற்றில் ஏதோ ஒன்றுக்காகவே பகிர்கிறார். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனா பேர்கர், கேத்தரின் மில்க்மன் என்ற இருவர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வந்த சுமார் 7,000 கட்டுரைகளை எடுத்து, எவற்றை வாசகர்கள் மற்றவர்களுக்கு அதிகம் அனுப்பினார்கள் என்று ஆராய்ந்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, நடைமுறைக்குப் பயன்படுபவையும் வியப்பூட்டுபவையும் அதிகம் அனுப்பப்பட்டன. கோபத்தையும் பதற்றத்தையும் கிளப்புபவையும் அப்படியே. வெறும் சோகம் அவ்வளவு தூரம் போகவில்லை. கோபத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன், அது நமக்குத் தனிக் கதை.

முன்பு கடைக்கென்று ஒரு பேஸ்புக் பக்கம் திறந்தால், அதை விரும்பியவர்களுக்கு நாம் போடுவது ஓரளவு போய்ச் சேர்ந்தது. 2018 ஜனவரியில் அந்த நிறுவனம், குடும்பத்தினரும் நண்பர்களும் போடுவதற்கே முன்னிடம், வியாபாரப் பக்கங்களுக்குப் பின்னிடம் என்று அறிவித்தது. ஆகவே இன்று கடைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பது, ஆள் நடமாட்டமில்லாத ஒழுங்கையில் பலகை மாட்டியது போலத்தான். ஒன்றில் காசு கட்ட வேண்டும், அல்லது மனிதர்கள் தாமாகக் கைமாற்ற வேண்டும். சிறு வியாபாரிக்கு இரண்டாவதுதான் தோது.

நம் தம்பியின் கடைக்கு வருவோம். ஸ்கந்தபுரம் நெல் விளையும் ஊர். அங்குள்ள கமக்காரருக்குக் காலபோகத்தில் எது தூக்கத்தைக் கெடுக்கும்? அறக்கொட்டி. பயிரின் அடித்தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வயலில் வட்ட வட்டமாகக் கருக்கிவிடும் பூச்சி. யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் அது பெருகும். நெருக்கி விதைத்தாலும் பெருகும். வயலில் நிற்கும் நீரைச் சில நாட்கள் வடிய விடுவது உதவும். கண்டபடி மருந்தடித்தால் அதைத் தின்னும் சிலந்தி முதலியவை செத்து, பூச்சி முன்னிலும் அதிகமாகத் திரும்பி வரும். இவ்வளவையும் அடித்தூரைக் காட்டும் ஒரு படத்தோடு பத்து வரியில் எழுதுங்கள் என்றேன். எழுதியதை விவசாயப் போதனாசிரியரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

“மருந்தடிக்க வேண்டாம் என்று எழுதினால் மருந்தை யார் வாங்குவது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மருந்து விற்பவனே இந்த நேரத்தில் மருந்து தேவையில்லை என்று எழுதினால், அதை அடுத்த வயல்காரனுக்கு அனுப்பாத கமக்காரன் இருப்பானா? உண்மையில் மருந்து தேவைப்படும் நாளில் அவன் யாருடைய கடைக்கு வருவான்?

காலமறிந்து எழுதுவதும் முக்கியம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், அந்த ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். அந்த மாதங்களில் என் தொலைபேசிக்கு வந்தவற்றில் அதிகம் கைமாறியவை, எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்ற இரண்டு வரிச் செய்திகள்தாம். அழகான வாசகமோ வர்ணப் படமோ அவற்றில் இருக்கவில்லை.

முதல் வரியில் ஊரின் பெயர் இருக்கட்டும். இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், பலர் செய்வதில்லை. 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் வந்து தங்கியது. பிறகு அங்கிருந்தும் சிதறியது. அந்த மண்ணை மிதித்தவர்கள் இன்று டொரொன்டோவிலும் பரிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். “ஸ்கந்தபுரம்” என்ற பெயரைக் கண்டால் அவர்களின் விரல் நிற்கும். அங்கே தனியாக இருக்கும் தாய்க்கு ஒரு நீர்ப்பம்பி, வீட்டுக்கு நாலு கூரைத் தகடு, பெருநாளோ பொங்கலோ வந்தால் ஒரு மாதச் சாமான் என்று வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சாமானின் விலை, கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி, கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் படம் அனுப்புவீர்களா என்ற மூன்றையும் தெளிவாக எழுத வேண்டும். “விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்” என்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. விலையை மறைக்கிற கடைக்கு நான் போகமாட்டேன், நீங்களும் போகமாட்டீர்கள்.

நமக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து கடை திறந்த நம்மவர்களுக்குப் பழைய வாடிக்கையாளர் எங்கே, அவருடைய பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேறு வழி நமக்கு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

எழுதும் முறை பற்றிச் சில. நீளமாக எழுதினால் பேஸ்புக் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மீதியை மடித்து வைக்கும். எனவே சலாமும் வரவேற்பும் சொல்லி முடிவதற்குள் வாசகர் போய்விடுவார். சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்து முழுவதையும் படத்துக்குள் அடைக்காதீர்கள். சிறிய தொலைபேசியில் வாசிக்க முடியாது, தேடுபவர்க்கும் அகப்படாது. யூனிகோட் தமிழில் எழுத்தாகவே எழுதுங்கள். ஆனால் எழுத்தை யாரும் வெட்டி ஒட்டும்போது கடைப் பெயர் கழன்றுவிடும். ஆகவே கூடவே போடும் படத்தின் ஓரத்தில் கடையின் பெயரையும் திகதியையும் சிறிதாகப் பதித்துவிடுங்கள்.

திகதியை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நான் பட்டது அப்படி. 2022 தொடக்கத்தில் சில சாமான்களின் விலைப்பட்டியலைப் போட்டேன். திகதி போடவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. அந்தப் பட்டியல் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. “முதலாளி, நீங்கள்தானே இந்த விலை போட்டிருக்கிறியள்?” என்று ஒரு வயதானவர் பஸ் ஏறி வந்து நின்றார். அவருக்கு நான் அந்த விலைக்கே கொடுத்தேன். அடுத்த நாள் வந்தவர்களுக்குக் கொடுக்க முடியவில்லை. பொய்க்காரன் என்று ஒருவர் பேசிவிட்டுப் போனார். நமது பக்கத்தில் நாம் அழித்தாலும், பிறர் கையில் போன பிரதி அழியாது.

“பகிராமல் போகாதீர்கள்”, “ஆமீன் சொல்லிப் பகிருங்கள்” என்று கேட்டு வாங்கும் பழக்கமும் நம்மவர்களிடம் இருக்கிறது. ஒரு துஆவைப் படமாகப் போட்டு, அடியில் கடை இலக்கத்தைப் போடுகிறார்கள். துஆவை விற்பனைக்கு வைப்பது சரியா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் நட்டம்தான். இப்படி லைக்கையும் பகிர்வையும் கெஞ்சி வாங்கும் பதிவுகளைப் பின்தள்ளுவதாக பேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. வட்ஸ்அப்பும் 2019 ஜனவரி முதல் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. ஒருவர் யோசித்து, இன்னாருக்கு இது வேண்டும் என்று அனுப்புவதுதான் இனி நிலைக்கும்.

இப்போது அந்தக் கோபத்தின் கதைக்கு வருவோம்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த மாவுக் கட்டியைக் காட்டி, மலடாக்கும் மருந்து கலந்ததாகக் கடைக்காரரை மிரட்டினார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத அவர் தடுமாறிச் சொன்ன பதிலைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். அது வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகு வந்தது. அறிக்கையை யார் பகிர்ந்தார்கள்? மார்ச் மாதத்தில் திகன, கண்டிப் பக்கம் நம் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. மார்ச் 7 முதல் ஒரு வாரமளவு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியது. அந்த வன்முறையில் தனது தளம் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து.

அடுத்தது 2019 மே 12, சிலாபம். ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று வாரம். ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஒருவருக்குப் பதிலாக, அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். கடை தாக்கப்பட்டது, அவர் கைதானார், ஊரடங்கு வந்தது. மறுநாள் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் கலவரம் பரவி மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன.

இவ்விருவரும் செய்த குற்றம் என்ன? அம்பாறைக்காரர் எழுதவே இல்லை. சிலாபத்துக்காரர் எழுதியது ஒரே வரி. பகிரப்படும் எழுத்து, எழுதியவன் இல்லாத இடத்தில், அவனை அறியாதவர்களால், அவன் நினைக்காத நாளில் வாசிக்கப்படுகிறது. பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நாம் இருக்கமாட்டோம்.

ஆதலால் கடைக் கணக்கிலிருந்து அரசியலுக்கோ வாக்குவாதத்துக்கோ பதில் எழுதவே வேண்டாம். மனைவி பிள்ளைகளைத் திட்டினாலும் அன்றைக்கு எழுத வேண்டாம். தெரியாத மொழியில் எழுதுவதென்றால், அந்த மொழிக்காரர் ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் போட வேண்டாம். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பிச் சிங்களத்தில் விளம்பரம் போடுபவர்களைக் காண எனக்குப் பயமாக இருக்கிறது. தமிழிலும், நம் சமூகத்தவர் அல்லாத ஒரு சிநேகிதரிடம் முதலில் காட்டுங்கள். 2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுக்களைப் பரப்புவதைத் தண்டிக்கிறது. நீங்கள் எழுதாமல் பகிர்ந்ததாக இருந்தாலும் கேள்வி உங்களிடம் வரலாம். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் நமக்கு எப்போதோ சொல்லிவிட்டது.

படத்திலும் அதே பேணுதல் வேண்டும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் எல்லோருக்கும் தெரியும். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான படத்தைப் போட்டுவிட்டுக் கடையில் வேறு சாமானைக் கொடுப்பதும் அந்தக் குவியல்தான். மூட்டையில் கிழிசல் இருந்தால் கிழிசலைப் படமெடுத்து, விலையைக் குறைத்துப் போடுங்கள். அது பகிரப்படும்.

தம்பி அறக்கொட்டி பற்றி எழுதினார். இரண்டு முறை திருத்தினார். போட்டதும் எனக்குச் சொல்லவில்லை, நானும் மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அது என் தொலைபேசிக்கு வந்தது. அனுப்பியவர் புத்தளத்தில் இருக்கும் என் மைத்துனர். “இது உங்கள் பக்கத்துக் கடையா? ஆளைத் தெரியுமா?” என்று கேட்டிருந்தார்.