நோயாளியின் இருப்பிடம் தேடிச் சென்ற மருத்துவம்

இயந்திர சாதனங்களின் வரலாற்றில் ஒரு பொருளின் எடை குறைந்தது என்பது சாதாரணச் செய்தியாகவே கருதப்படும். ஆனால் 1965 ஆம் ஆண்டிற்கும் 1968 ஆம் ஆண்டிற்கும் இடையே ஒரு மருத்துவக் கருவியின் எடை ஏறத்தாழ 70 கிலோகிராமிலிருந்து 3 கிலோகிராம் அளவுக்குக் குறைந்தமை, உலகெங்கும் அவசர சிகிச்சையின் போக்கையே மாற்றிவிட்டது. அக்கருவியை ஆக்கியவர் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்னும் இருதய நோய் மருத்துவர். மருத்துவமனைக்கு வெளியே அளிக்கப்படும் அவசர சிகிச்சையின் தந்தை என்று இன்று பலராலும் போற்றப்படுபவர் அவர்.

இருதயத்தின் நடுக்கம்

பான்ட்ரிட்ஜின் பணியை அறிந்துகொள்ள, இருதயம் திடீரென நின்றுபோகும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். மனித இருதயம் நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை சுருங்கி விரிகின்றது. ஒவ்வொரு துடிப்பும், வலது மேலறையின் மேற்பகுதியிலுள்ள ஒரு சிறு திசுத் திரளில் எழும் மிக மெல்லிய மின் குறிப்பினால் தொடங்குகிறது. அக்குறிப்பு மேலறைகளில் பரவி, பின்னர்க் கீழறைகளை அடைந்து, கோடிக்கணக்கான தசை அணுக்களை ஒரே ஒழுங்கில் சுருங்கச் செய்கிறது.

இருதயத் தசைக்கு இரத்தம் அளிக்கும் தமனிகளில் ஒன்று அடைபடுவதே மாரடைப்பாகும். அடைப்பினால் பட்டினியுறும் தசைப் பகுதியில் மின் ஒழுங்கு கெடுகிறது. சிலருக்கு அது கீழறைகள் முழுவதும் பரவி, தசை நார்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்கத் தலைப்படுகின்றன. இந்நிலையில் இருதயம் நடுங்குமேயன்றி இரத்தத்தை வெளியேற்றாது. சில விநாடிகளில் நோயாளி நினைவிழக்கிறார். சில நிமிடங்களுக்குள் மூளைக்கு மீளாத கேடு தொடங்குகிறது.

இந்த நடுக்கத்தை நீக்கும் வழி ஒன்றே. வலிமை மிக்க மின்சாரத்தை ஒரு கணம் இருதயத்தின் ஊடே செலுத்த வேண்டும். நின்றுபோன இருதயத்தை மின்சாரம் ஓடச் செய்கிறது என்று பலர் கருதுவர். உண்மை அதற்கு நேர் எதிரானது. செலுத்தப்படும் மின்சாரம் தாறுமாறான மின் இயக்கம் முழுவதையும் ஒரே சமயத்தில் அடக்கிவிடுகிறது. அவ்வமைதியில், இருதயத்தின் இயற்கையான குறிப்புத் திசு மீண்டும் தன் கடமையை மேற்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. இப்பணியைச் செய்யும் சாதனமே டிஃபிப்ரிலேட்டர் எனப்படுவது.

முன்னோர் இட்ட அடிப்படை

இத்தத்துவம் புதிதன்று. ஜெனீவாவில் பிரெவோ, பட்டேலி என்னும் இருவர் 1899 ஆம் ஆண்டிலேயே நாய்களின் இருதய நடுக்கத்தை மின்சாரத்தால் நீக்கிக் காட்டினர். 1947 இல் அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில் கிளாட் பெக் என்னும் அறுவை மருத்துவர், திறந்த மார்பினுள் மின்சாரம் செலுத்தி 14 வயதுச் சிறுவன் ஒருவனை மீட்டார். 1956 இல் பாஸ்டன் நகரின் பால் ஸோல், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் முறை வெற்றி பெற்றதை அறிவித்தார். 1960 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர், மார்பைக் கைகளால் அழுத்தியே இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிலைநிறுத்தலாம் என்று வெளியிட்டனர். 1962 இல் பெர்னார்ட் லௌன், மாறுதிசை மின்னோட்டத்தை விட, மின்தேக்கியில் சேமித்துச் செலுத்தும் நேர்திசை மின்சாரம் பாதுகாப்பானது என்று காட்டினார்.

இக்கண்டுபிடிப்புகளின் பயனாக, 1960களின் தொடக்கத்தில் பெரிய மருத்துவமனைகளில் இருதய நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் தோன்றின. அங்கே இருதய நடுக்கம் நேரிட்டால் உடனே மின் அதிர்ச்சி அளித்து உயிர் காக்க முடிந்தது. ஆயினும் அப்பயன், அப்பிரிவின் கட்டில்வரை வந்து சேர்ந்தோருக்கு மட்டுமே கிட்டியது.

வாழ்வின் முற்பகுதி

பான்ட்ரிட்ஜ் 1916 அக்டோபர் 3 ஆம் நாள் வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோவில் பிறந்தார். பெல்ஃபாஸ்டிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1939 இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து மலாயாவிற்கு அனுப்பப்பட்டார். போர்முனையில் காட்டிய துணிவிற்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் விருது வழங்கப்பட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவர் ஜப்பானியரிடம் போர்க் கைதியானார்.

சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்கும் பணிக்கு ஓட்டிச் செல்லப்பட்ட கைதிகளுள் அவரும் ஒருவர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினராக மாண்டதும் அதே பாதையில்தான். உணவில் தயாமின் என்னும் உயிர்ச்சத்து இல்லாமையால் உண்டாகும் பெரிபெரி நோய் பான்ட்ரிட்ஜின் இருதயத்தைத் தாக்கிற்று. விடுதலையானபோது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். இருதயம் தளர்வதன் துன்பத்தைத் தம் உடலிலேயே அறிந்த அவர், நாடு திரும்பிய பின்னர் இருதய நோய்களையே தம் துறையாக்கிக் கொண்டார். இருதய மின் வரைபடத் துறையில் பெயர் பெற்ற ஃபிராங்க் வில்சனிடம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் இருதய நோய் மருத்துவராக அமர்ந்து, 1982 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணிபுரிந்தார்.

மரணம் நிகழும் இடம்

1963 இல் வெளியான ஓர் ஆய்வு பான்ட்ரிட்ஜின் கருத்தைக் கவர்ந்தது. மாரடைப்பால் இறந்த, 50 வயதிற்கு மேற்படாத ஆடவருள் 60 சதவிகிதத்திற்கும் மேற்பட்டோர், நோய் கண்ட முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே இறந்தனர் என்று அது காட்டிற்று. வீட்டிலும் அலுவலகத்திலும் சாலையிலும் நிகழ்ந்த மரணங்கள் அவை. நெஞ்சு வலி கண்டவர் அதனைப் பொருட்படுத்தத் தயங்குவதும், பின்னர் மருத்துவரை அழைப்பதும், மருத்துவர் வந்து பார்த்து நோயாளியை அனுப்பி வைப்பதுமாக அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. நோயாளி தனிப் பிரிவை அடையும்போது ஆபத்தின் உச்சகட்டம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அல்லது அவரே உயிருடன் இரார்.

எனவே, சிகிச்சைப் பிரிவு எவ்வளவு சிறந்ததாயினும், அது அமைந்துள்ள இடம் தவறானது என்னும் முடிவிற்குப் பான்ட்ரிட்ஜ் வந்தார். நோயாளி கருவியிடம் வருதல் இயலாதெனில், கருவி நோயாளியிடம் செல்ல வேண்டும். ஆனால் அக்காலத்துக் கருவிகள் பொதுவாகச் சுவரிலுள்ள மின் இணைப்பை நம்பியே இயங்கின. தேவைப்படும் ஆற்றல் மிகப் பெரிது என்று கூறிவிட முடியாது. 200 ஜூல் என்பது சுமார் 20 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்குச் செலவாகும் ஆற்றலேயாகும். ஆனால் அது ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில், ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் பாய வேண்டும். கடினம் அதில்தான் இருந்தது.

பான்ட்ரிட்ஜும் அவருடன் பணியாற்றிய ஜான் கெடிஸ் என்னும் இளம் மருத்துவரும், மருத்துவமனையின் தொழில் நுட்பப் பணியாளர் ஆல்ஃபிரெட் மாஹினியின் துணையுடன் 1965 இல் இதற்கு வழி கண்டனர். இரண்டு 12 வோல்ட் மோட்டார் கார் பேட்டரிகளின் மின்சாரத்தை ஓர் இன்வெர்ட்டர் வாயிலாக மாற்றி, மருத்துவமனைக் கருவியையே இயக்கினர். தொகுப்பு முழுவதும் ஏறத்தாழ 70 கிலோகிராம் எடை கொண்டது. 1966 ஜனவரி முதல் அது ஒரு மோட்டார் வண்டியில் ஏற்றப்பட்டு, மருத்துவருடனும் செவிலியருடனும் அழைப்பு வந்த வீடுகளை நோக்கிப் புறப்பட்டது.

பதினைந்து மாதத்தின் முடிவு

பான்ட்ரிட்ஜும் கெடிஸும் தம் அனுபவத்தை 1967 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பதினைந்து மாதங்களில் 312 நோயாளிகள் அவ்வண்டியில் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாரடைப்பு உறுதியாயிற்று. வழியில் ஒருவரும் இறக்கவில்லை. மருத்துவமனைக்கு வெளியே இருதயம் நின்றுபோன பத்து நோயாளிகள் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஐவர் பின்னர் உயிருடன் வீடு திரும்பினர். எண்ணிக்கை சிறிதெனினும், அந்த ஐவரும் முந்தைய ஆண்டுகளில் இறந்தோர் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள்.

இச்செய்தியை எல்லோரும் வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே இருதயத்திற்கு மின் அதிர்ச்சி அளிப்பது பயனற்றது, ஆபத்தும் உடையது என்று கருதிய மருத்துவர்கள் பிரிட்டனிலேயே பலர் இருந்தனர். அமெரிக்காவில் அதனை விரைந்து ஏற்றனர். நியூயார்க்கில் 1968 இலேயே பெல்ஃபாஸ்ட் முறையைப் பின்பற்றிய வண்டி ஓடத் தொடங்கிற்று. பிரிட்டனில் அவசர வண்டிகள் அனைத்திற்கும் இக்கருவி அளிக்கும் முடிவு 1990 ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பான்ட்ரிட்ஜ் ஓயாது வாதாடினார். சுருக்கென்று பேசும் இயல்பினராகிய அவர், இவ்விஷயத்தில் எவருடனும் இணங்கிச் செல்லவில்லை.

எடை குறைந்ததன் பொருள்

வண்டியிலுள்ள கருவி நோயாளியின் வாயில்வரை செல்லும். மாடிப்படி ஏறுவதோ கடினம். எனவே எடையைக் குறைக்கும் முயற்சி தொடர்ந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் தேவைக்காக ஆக்கப்பட்டிருந்த சிறிய மின்தேக்கி இங்கே கைகொடுத்தது. 1968 இல் சுமார் 3 கிலோகிராம் எடையுள்ள கருவி உருவாயிற்று. ஒருவர் ஒரு கையில் தூக்கிச் செல்லத்தக்கது அது.

எடை குறைந்ததும், அக்கருவியைக் கையாளத் தக்கவர் யார் என்னும் வினா எழுந்தது. மருத்துவர் ஒவ்வொரு வண்டியிலும் செல்வது எந்நாட்டிற்கும் இயலாத காரியம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1970 முதல் தீயணைப்பு வீரர்களே பயிற்சி பெற்று இப்பணியை ஏற்றனர். பின்னர், இருதயத்தின் மின் இயக்கத்தைத் தானே ஆராய்ந்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று முடிவு செய்யும் தானியங்கிக் கருவிகள் தோன்றின. தேவையற்றவருக்கு அவை மின்சாரம் செலுத்துவதில்லை. பான்ட்ரிட்ஜின் கருத்தோ தெளிவானது. பொருளைக் காக்கும் தீயணைப்புக் கருவி எங்கெல்லாம் மாட்டப்பட்டுள்ளதோ, அங்கெல்லாம் உயிரைக் காக்கும் கருவியும் இருத்தல் வேண்டும் என்பது அது.

இக்கருத்து வீணன்று என்பதைச் சிகாகோ நகர விமான நிலையங்கள் காட்டின. அங்கே பொதுமக்கள் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் தானியங்கிக் கருவிகள் வைக்கப்பட்டன. இரண்டாண்டுகளில் கீழறை நடுக்கம் கண்ட 18 பேருள் 11 பேர் மீட்கப்பட்டனர் என்று 2002 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அப்பதினொருவருள் அறுவரைக் காத்தவர்கள், அக்கருவியை அதற்குமுன் கையாண்டறியாதவர்கள்.

நம் நாட்டிற்கு உரிய பாடம்

இந்தியாவில் 108 என்னும் எண்ணில் இயங்கும் அவசர வண்டிப் பணி 2005 இல் ஹைதராபாத்தில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் 2008 இல் வந்தது. அவசர மருத்துவம் ஒரு தனிச் சிறப்புத் துறையாக 2009 இல் ஏற்கப்பட்டது. வண்டிகளும் வல்லுநர்களும் பெருகுவது நன்மையே. எனினும் நடுக்கம் தொடங்கியபின் முதலுதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவிகிதம் வரை குறைக்கிறது. மிக விரைந்து வரும் வண்டிக்கும் சில நிமிடங்கள் ஆகும். அந்நிமிடங்களில் நோயாளியின் அருகில் இருப்போர் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் உடன் பணிபுரிவோருமே.

திடீரென வீழ்ந்து நினைவிழந்து, இயல்பான மூச்சின்றிக் கிடப்பவரின் மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை வலுவாகவும் தொடர்ச்சியாகவும் அழுத்துதல் வேண்டும். இதற்கு எக்கருவியும் தேவையில்லை. உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு இதனை உடனே தொடங்குபவர், கருவி வந்து சேரும்வரை மூளைக்கு இரத்தம் கிடைக்கச் செய்கிறார். பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் இப்பயிற்சியை அளிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பான்ட்ரிட்ஜ் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் மறைந்தார். அதற்குள் அவர் கருவியின் வழித்தோன்றல்கள் பல நாடுகளின் அவசர வண்டிகளிலும் பொது இடங்களிலும் இடம்பெற்றுவிட்டன. மின்தேக்கியையோ மின் அதிர்ச்சியையோ அவர் கண்டுபிடித்தவர் அல்லர். நோயாளி எங்கே இறக்கிறார் என்று கேட்டு, அவ்விடத்திற்குச் சிகிச்சையைக் கொண்டு சென்றதே அவர் செய்த பணி. அப்பணியில் எஞ்சியுள்ள சில நிமிடங்களை நிறைவு செய்வது பொதுமக்களின் கைகளில் உள்ளது.