தண்டுவடம் மறக்காத நடை

பிறந்து சில நாளே ஆன குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பாதம் பாயில் படும்படி பிடித்தால், அது ஒரு காலை மடக்கும், மறு காலை ஊன்றும், பிறகு மாற்றி எடுத்து வைக்கும். "இப்பவே நடக்கப் பார்க்குது" என்று பாட்டிமார் பூரித்துப்போவார்கள். கழுத்தே நிற்காத சிசுவுக்கு நடை எங்கிருந்து வந்தது? மூளையிலிருந்து கால்களை ஆளும் நரம்பிழைகள் அந்த வயதில் முதிர்ந்திருப்பதில்லை. அந்த அடிகளைப் பெரும்பாலும் எடுத்துவைப்பது தண்டுவடம். முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் தடிமனில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்கும் நரம்புத் திரள் அது.

இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் தாமஸ் கிரஹாம் பிரவுன். 1911இல் அவர் பூனைகளின் தண்டுவடத்தை அறுத்து மூளையின் கட்டளையைத் துண்டித்தார். கால்களிலிருந்து ஏறிவரும் உணர்வு நரம்புகளையும் வெட்டினார். அப்படியும் பின்னங்கால் தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிந்தன. மேலிருந்து ஆணை இல்லை, கீழிருந்து சேதி இல்லை. தாளம் மட்டும் தண்டுவடத்துக்குள்ளேயே ஓடியது. அரை நூற்றாண்டு கழித்துத்தான் இந்தக் கண்டுபிடிப்பின் அருமை அறிவியல் உலகுக்கு உறைத்தது.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இதில் ஒரு பெரிய சேதி இருக்கிறது. பெரும்பாலும் அடி விழுவது கழுத்திலோ முதுகின் நடுவிலோதான். கால்களை இயக்கும் நரம்புச் சுற்று தண்டுவடத்தின் அடிப்பகுதியில், கடைசி விலா எலும்புகளின் மட்டத்தில் இருக்கிறது. மேலே வாய்க்கால் உடைந்ததால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. கடைமடை நிலம் சாகவில்லை. கை, கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் மெல்ல வளர்ந்து சேரும். தண்டுவடத்தின் இழைகள் அப்படி வளர்வதில்லை, காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பும் அவற்றைத் தடுக்கிறது. உடைந்த வாய்க்காலை மறுபடி வெட்டும் வித்தை இன்னும் யார் கையிலும் இல்லை. ஆனால் காய்ந்த வயலை எழுப்பும் முயற்சியில் சிலர் வெகுதூரம் வந்துவிட்டார்கள்.

அவர்கள் கையிலெடுத்த கருவி வலிக்காக வந்தது. தண்டுவடத்தின்மேல் மின்முனைகளை வைத்து வலியைத் தணிக்கும் சிகிச்சை 1967இல் தொடங்கியது. 1998இல் மிலன் திமித்ரியேவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் அதே முறையில், முற்றிலும் செயலிழந்தவர்களின் அடிமுதுகில் சீரான மின்துடிப்பைச் செலுத்தினார்கள். படுத்திருந்தவர்களின் கால்கள் நடப்பதுபோல அசைந்தன. கிரஹாம் பிரவுனின் பூனைகளிடம் இருந்த தாளம் மனிதரிடமும் இருந்தது.

2011இல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தி இன்னும் ஆச்சரியமானது. மார்புக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞர், சூசன் ஹர்கெமா குழுவினரிடம் 26 மாதங்களில் 170 முறை நடைப்பயிற்சி எடுத்தும் பலன் இல்லை. 16 மின்முனைகள் கொண்ட தகட்டைப் பொருத்தியபின் அவர் தன் முழு எடையையும் தாங்கிச் சில நிமிடங்கள் நின்றார். மாதங்கள் கழித்து, மின்துடிப்பு ஓடும்போது, தானே நினைத்துத் தன் காலை அசைத்தார். மருத்துவக் கணக்கில் மூளையின் ஆணை கால்களை எட்டவே எட்டாதவர் அவர். அப்படியென்றால் காயத்தின் ஓரமாகச் சில இழைகள் பிழைத்திருந்திருக்க வேண்டும். மின்சாரம் கடைமடையை விழிக்கவைத்ததும், அந்தக் கசிவே போதுமானதாக இருந்தது.

இந்த மின்சாரம் தசையை நேரடியாக இழுப்பதில்லை. காலிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறும் உணர்வு நரம்புகளின் வேர்களில் அது நுழைகிறது. 'கால் தரையில் ஊன்றியிருக்கிறது, எடை ஏறியிருக்கிறது' என்ற சேதிகள் வரும் அதே வழி. இங்கேதான் ஒரு சிக்கலும் இருந்தது. எலிகளிடம் இடைவிடாத மின்துடிப்பு அருமையாக வேலை செய்தது. மனிதரிடம் அத்தனை பலன் தரவில்லை. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், நரம்பியலாளர் கிரெகுவார் கூர்ட்டீனும் அறுவை மருத்துவர் ஜோசலின் பிளாக்கும் வழிநடத்தும் குழு 2018இல் காரணத்தைக் கண்டது. செயற்கைத் துடிப்பு நரம்பிழையில் இரண்டு திசையிலும் ஓடும். ஒற்றைவழிப் பாலத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளைப்போல, காலிலிருந்து ஏறிவரும் சேதியும் அதுவும் மோதி இரண்டுமே அழிந்துவிடுகின்றன. மனிதக் கால் நீளம், பாலமும் நீளம், மோதலும் அதிகம். தங்கள் கால் எங்கே இருக்கிறது என்பதே நோயாளிகளுக்குத் தெரியாமல் போயிற்று.

தீர்வு எளிமையாகத் தோன்றும்: துடிப்பை ஓயாமல் ஊற்றுவதை விட்டு, காலைத் தூக்க வேண்டிய நொடியில் தூக்கும் தசைக்குரிய வேருக்கும், ஊன்ற வேண்டிய நொடியில் ஊன்றும் தசைக்குரிய வேருக்கும் மட்டும் கொடுப்பது. மதகை முறைவைத்துத் திறப்பதுபோல. 2022இல் இந்த வேர்களுக்கென்றே அவர்கள் வடிவமைத்த தகட்டுடன், கால்களில் அசைவோ உணர்வோ இல்லாத 3 பேர், மின்துடிப்பை இயக்கிய முதல் நாளிலேயே அடியெடுத்து வைத்தார்கள். உடல் எடையின் ஒரு பகுதியை மேலிருந்து பட்டைகள் தாங்கிக்கொண்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இடத்தை விட்டுவிட்டு 'அதிசயம்' என்று தலைப்பிடும்போது, வீட்டில் படுத்திருப்பவரின் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு அதே குழுவிடமிருந்து வந்ததுதான் என்னை மிகவும் நெகிழவைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் 2011இல் சீனாவில் சைக்கிள் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர். அவருடைய மண்டையோட்டில், கால் அசைவை ஆளும் மூளைப் பகுதிகளின் மேல், 64 மின்முனைகள் கொண்ட இரண்டு கருவிகளைப் பொருத்தினார்கள். அவர் நடக்க நினைப்பதை அவை படிக்கும்; முதுகில் சுமக்கும் கணினி அதை மின்துடிப்பாக மாற்றித் தண்டுவடத்துக்கு அனுப்பும். உடைந்த இடத்தைத் தாண்டி ஒரு குழாய் போட்டதுபோல. அவர் நின்றார், நடந்தார், படியேறினார். ஒருநாள் வீட்டில் ஏதோ வண்ணம் பூச வேண்டியிருந்தது, உதவிக்கு ஆளில்லை. வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று தானே பூசினார். கருவியை அணைத்த பிறகும் ஊன்றுகோல்களுடன் சில அடிகள் நடக்க முடிந்தது என்பது இன்னும் பெரிய விஷயம்: பயன்படுத்தப் பயன்படுத்த, பிழைத்திருந்த இழைகளே வலுப்பெற்றிருக்கக்கூடும். தொற்று காரணமாக மூளைக் கருவிகளில் ஒன்றைச் சில மாதங்களில் எடுக்க வேண்டிவந்ததும் இந்தக் கதையின் பகுதிதான்.

இத்தனைக்கும் ஆதாரம் மிஞ்சியிருக்கும் அந்தச் சில இழைகள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி இங்கேயே சொல்லத் தோன்றுகிறது. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவரை, பதற்றத்தில் இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவுக்குள் மடக்கி உட்காரவைக்கிறோம். முள்ளெலும்பு உடைந்திருந்தால், பிழைத்திருக்கக்கூடிய இழைகள் அந்த மடிப்பில் நசுங்கக்கூடும். எழுப்பி உட்காரவைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், தலை, கழுத்து, உடல் ஒரே கோட்டில் இருக்க, நாலைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து தட்டையான பலகையில் ஏற்றுங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று பல லட்சம் கேட்பவர்களிடம் நிலத்தை விற்றுக் கொடுத்துவிடவும் வேண்டாம். அதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது.

நடை ஒன்றே எல்லாம் என்று வெளியே நிற்கும் நாம்தான் நினைக்கிறோம். 2004இல் வெளியான ஒரு ஆய்வில், தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம் முதலில் எது திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். கை, கால் நான்கும் செயலிழந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கேட்டது கைகளை. கால்கள் மட்டும் செயலிழந்தவர்களில் அதிகம் பேர் முதலிடம் தந்தது தாம்பத்தியத்துக்கு. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் திறனும் பலருக்கு நடையைவிட முக்கியமாக இருந்தது. நடை இல்லாமலும் வாழ்க்கை நிற்பதில்லை: 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார், வேலூர் சி.எம்.சி.யில் புனர்வாழ்வு மருத்துவத்துறையையும் உருவாக்கினார்.

கைகளுக்கான வழி இப்போது அறுவை சிகிச்சை இல்லாமலே திறந்திருக்கிறது. கழுத்தின் பின்புறத் தோலில் மின்முனைகளை ஒட்டித் துடிப்பைச் செலுத்திக்கொண்டே கைப்பயிற்சி தரும் கருவி அது. 2024இல் வெளியான ஆய்வில் 60 பேர் இரண்டு மாதம் இதைப் பயன்படுத்தினார்கள். 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் பயன்பாடும் இரண்டுமே கூடின. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அடிபட்டு 34 ஆண்டுகள் வரை ஆனவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது.