ஓசோனுக்காக ஒன்று சேர்ந்த துறைகள்

குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் அடைத்த குளோரோபுளோரோகார்பன் (சி.எஃப்.சி.) தீப்பற்றாது, நஞ்சும் அல்ல; எதனோடும் எளிதில் வினைபுரியாது. அதனால்தான் எல்லோரும் அதை நம்பினார்கள். 1970களின் தொடக்கத்தில் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக், தாமே உருவாக்கிய கருவியுடன் கப்பலில் அண்டார்க்டிகாவை நோக்கிச் சென்றார். நடுக்கடல் காற்றிலும் அந்த வாயு கலந்திருந்தது.

அது கடைசியில் எங்கே போகும்? வேதியியலாளர்கள் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் 1974இல் பதில் தந்தார்கள்: மெல்ல வளிமண்டலத்தின் மேலடுக்குக்கு ஏறி, புறஊதாக் கதிர் பட்டு உடையும். அப்போது வெளிவரும் குளோரின் ஓசோனைச் சிதைக்கும்.

ஆனால் 1985இல் அண்டார்க்டிகாவின் ஹேலி ஆய்வு நிலையத்திலிருந்து பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்த ஓசோனின் வசந்தகால வீழ்ச்சி, எந்தக் கணக்கிலும் அடங்காத அளவுக்குப் பெரிது. விடைக்கு வேதியியலோடு வானிலையியலும் தேவைப்பட்டது. துருவத்தின் நீண்ட இரவில், சுழலும் காற்று அந்தப் பகுதியை மற்ற இடங்களிலிருந்து பிரித்துவிடுகிறது. கடுங்குளிரில் மேலே மேகங்கள் உருவாகின்றன. அவற்றின் பனித்துகள்மீது, அடங்கிக் கிடந்த குளோரின் சேர்மங்கள் வீரியம் பெறுகின்றன. சூரியன் திரும்பியதும் அழிவு தொடங்குகிறது. இதை முன்வைத்தவர்களில் முக்கியமானவர் வேதியியலாளர் சூசன் சாலமன். 1986இல் அண்டார்க்டிகாவின் மெக்முர்டோவுக்கு ஆய்வுக் குழுவை நடத்திச் சென்றவரும் அவரே. மறு ஆண்டு சிலியிலிருந்து கிளம்பிய ஆய்வு விமானம் அந்தக் காற்றுக்குள்ளேயே நுழைந்தது. குளோரின் மோனாக்சைடு ஏறிய இடத்தில் ஓசோன் இறங்கியது, சந்தேகத்துக்கு இடமில்லை.

அதே 1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் நான் பெரிதும் மதிப்பது, விதிகளைப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை. வளிமண்டல அறிவியலுக்கு ஒரு குழு, உடல்நலம், பயிர், சூழல் பாதிப்புக்கு ஒரு குழு, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கும் செலவுக்கும் ஒரு குழு. மூன்றும் நாடுகளுக்கு அறிக்கை தந்துகொண்டே இருக்கின்றன. ஏழை நாடுகள் மாறுவதற்கு நிதியும் உண்டு. பொறியாளர்கள் மாற்று வாயுவைக் காட்டாமல் இருந்திருந்தால், தடை வெறும் காகிதமாகவே கிடந்திருக்கும்.

ஆயினும் வேலை முடியவில்லை. அண்டார்க்டிகாவின் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2066 ஆகும் என்கிறது அறிவியல் குழுவின் 2022 மதிப்பீடு. இடையே 2018இல், தடைசெய்யப்பட்ட சி.எஃப்.சி-11 எங்கோ புதிதாகக் கசிவதை அளவீட்டாளர்கள் கண்டுபிடித்தனர். தென்கொரிய, ஜப்பானிய நிலையங்களின் பதிவுகளைக் காற்றோட்டக் கணிப்போடு பொருத்தியதில், கசிவின் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவது தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த அளவீடுகளில் கசிவு வெகுவாகக் குறைந்திருந்தது.